பரிசோதனை எண் ஏழு: குடிநீர், நிறமாற்றம் இல்லை

திங்கட்கிழமை காலை மணி ஒன்பது நாற்பத்தைந்துக்கு எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் தகராறு வரக்கூடாது.

கரும்பலகைக்கு முன்னால், கல்யாண மண்டபத்திலிருந்து வந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியில் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் பன்னீர்செல்வம் ஐயா. அவருக்கு வலப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் கருத்தாளர் பிரபாகரன் சார், மடியில் லேப்டாப். இடப்பக்கம் ஒரு மர நாற்காலியில் இருபது லிட்டர் தண்ணீர் கேன். கேனுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள் என்பதைக் குறிப்பாக எழுதுகிறேன்.

எதிரே, பத்து வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சுகளில், முழங்கால் தாடையில் இடிக்க, ஆரணி, களம்பூர், வந்தவாசிப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் அறிவியல் நடத்துகிற ஆசிரியர்கள் முப்பத்தாறு பேர். மூன்றாம் பெஞ்சில், சன்னலோரம், நான். பெயர் இவாஞ்சலின். இந்தப் பள்ளிக்குப் பொறுப்புத் தலைமையாசிரியை. எனக்குப் பக்கத்தில் களம்பூர் கிருபாகரன் சார். முன்னால் வந்தவாசி சூர்யகலா டீச்சர்.

வெளியே, புங்கமரத்தடியில் சாக்கு விரித்து, மேற்படி பெஞ்சுகளின் சொந்தக்காரர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களுக்கு எதிரே, கையில் முறத்தோடு, சத்துணவு சமைக்கும் உண்ணாமலை. எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருவர் பிரசவ விடுப்பில். இன்னொருவர், பிள்ளைகளுக்குப் பாடம் எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்வதற்காகப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

பயிற்சி மையமாக எங்கள் பள்ளியைக் கொடுக்க நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் அட்டவணை இருந்தது. மூன்றாம் நாள், பரிசோதனை எண் ஏழு: மஞ்சள் தாளைக் கொண்டு குடிநீரைச் சோதித்தல்.

விஷயம் இது. எங்கள் சுற்றுச்சுவருக்குப் பின்னால், கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையெடுக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் போன மழையில் உடைந்தது. உடைந்த இடத்துக்குக் கீழேதான் எங்கள் தண்ணீர்த் தொட்டி. அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர் விரலில் வழவழக்கிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுவலி. சோறு மஞ்சளாக வேகிறது. உண்ணாமலைதான் முதலில் சொன்னாள்.

"இன்னா டீச்சர் இது, பருப்பு பத்து நிமிஷத்துல கரைஞ்சி கூழாப் பூடுது. சாம்பார்ல மஞ்சத்தூள் போட்டா செவக்குது. நான் மொளகாத்தூளே போடல!"

மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, எல்லாம் ஒழுங்காக. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது: 'அங்கீகரிக்கப்பட்ட நபர் முன்னிலையில் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு இணைக்கப்படவில்லை.' அங்கீகரிக்கப்பட்ட நபர் யார் என்று மூன்றாவது கடிதத்தில் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பதிலுக்குப் பதிலாகப் பயிற்சி வந்தது. கருத்தாளர் என்றால் அரசு அங்கீகரித்தவர்தானே? அவர் முன்னிலையில் எங்கள் குழாய்த் தண்ணீரைச் சோதித்து, அதில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், இணைப்பு கிடைத்துவிடும். எனக்கு வேண்டியது அந்த ஒரு கையெழுத்து. அதற்காக ஐந்து நாள் பத்து வயதுப் பெஞ்சில் உட்காரலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் கைதட்டக் கற்றுக்கொண்டோம். இட்லிக் கைதட்டல், ரயில் கைதட்டல், மின்னல் கைதட்டல். மின்னல் கைதட்டலில் ஒளி முதலில் வரவேண்டும், ஒலி பின்னால் வரவேண்டும் என்றார் பிரபாகரன் சார். நாங்கள் முதலில் பல்லைக் காட்டிவிட்டுப் பிறகு தட்டினோம். சன்னலுக்கு வெளியே நாற்பத்தொரு பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முன்தேர்வு. இருபது கேள்வி, எல்லாம் போனில். கால் மணி நேரத்தில் பிரபாகரன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், இருபதுக்குப் பத்தொன்பது வாங்கியிருக்கீங்க."

"எது சார் தப்பு?"

"தப்பு பிரச்சினை இல்லீங்க. சரிதான் பிரச்சினை. இப்பவே பத்தொன்பதுன்னா, கடைசி நாள் பின்தேர்வுல வளர்ச்சின்னு இன்னாத்த காட்டறது? ஒரே ஒரு மார்க்குக்கா அஞ்சு நாள் பயிற்சி? எனக்கு மெமோ வரும்."

"இப்ப நான் இன்னா சார் செய்யணும்?"

"ஒரு ஏழு எட்டுக்கு வந்துடுங்க. மறுபடி எழுத லிங்க் அனுப்பறேன்."

மறுபடி எழுதினேன். சூரியன் மேற்கே உதிக்கும் என்றேன். தவளைக்கு ஆறு கால் என்றேன். என் அப்பா முப்பது வருஷம் மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியார். கல்லறையில் அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாரோ தெரியாது. கிருபாகரன் சார் யாரும் சொல்லாமலே ஆறு வாங்கியிருந்தார். "எனக்கு இது பதினாலாவது பயிற்சி, சிஸ்டர்," என்றார். "முதல் நாள் முட்டாளா வரணும். அதான் மரியாதை."

இரண்டாம் நாள் பன்னீர்செல்வம் ஐயா 'அறிவியல் மனப்பான்மை' பற்றி ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசினார். முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்.

"ஏன், எதுக்கு, எப்படின்னு கேக்கணும். கேள்வி கேக்காதவன் மனுஷனே இல்ல. நான் இன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்துகினு இருக்கேன்னா, அதுக்குக் காரணம் அறிவியல் மனப்பான்மை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். மேல இருந்து எந்த உத்தரவு வந்தாலும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன்னு நான் கேட்டது கிடையாது. அதனாலதான் ஒரு மெமோ கிடையாது. நீங்களும் அப்படிக் கேள்வி கேக்குற ஆசிரியரா உருவாகணும்."

மின்னல் கைதட்டல் கொடுத்தோம். சூர்யகலா டீச்சர் உண்மையிலேயே உருவாகிவிட்டார் போலிருக்கிறது. எழுந்து நின்றார்.

"ஐயா, ஏன் ஃபேன் சுத்தல?"

ஐயா சிரித்தார். "நல்ல கேள்வி. இதைத்தான் எதிர்பார்த்தேன். கேள்வியை ஒரு தாள்ல எழுதி, பேர், பள்ளி, கைபேசி எண் போட்டு, அந்தக் கேள்விப் பெட்டியில போடுங்க."

சூர்யகலா எழுதிப் போட்டார். பெட்டி பூட்டியிருந்தது. சாவி மாவட்ட அலுவலகத்தில் இருப்பதாகவும், பெட்டியைத் திறக்க மூவர் குழு அமைக்கப்பட இருப்பதாகவும் தெரிந்தது. ஃபேன் சுற்றாததற்குக் காரணம், அதன் சுவிட்சுக்கு மேலே பயிற்சியின் பேனரை ஆணியடித்து மாட்டியிருந்ததுதான். எல்லாருக்கும் தெரியும். ஆனால் பேனர் போட்டோவில் முழுதாகத் தெரிய வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்.

மூன்றாம் நாள் வந்தது. பரிசோதனைப் பொருட்கள் வரவில்லை. 'வழியில் உள்ளது' என்றார்கள். நானும் உண்ணாமலையும் விடிகாலையிலேயே அவள் வீட்டுத் தண்ணீரில் மஞ்சள் அரைத்துத் தாளில் பூசி, கொடியில் காயப்போட்டு, கத்தரித்து வைத்திருந்தோம். இரண்டு பேர் கையும் மஞ்சள். ஆறு மேசை, மேசைக்கு மூன்று டம்ளர்: எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர், குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீரை நானே பிடித்து வந்து வைத்தேன்.

எலுமிச்சையில் தாள் மஞ்சளாகவே இருந்தது. சோப்பில் செங்கல் நிறமானது. குழாய்த் தண்ணீரிலும் செங்கல் நிறமானது. ஆறு மேசையிலும்.

கையெழுத்து வாங்க வேண்டிய தாளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிரபாகரன் சார் கையேட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி கையேட்டைப் பார்த்தார். "கையேடு பக்கம் நாற்பத்திரண்டு. குடிநீர், நிறமாற்றம் இல்லை. எல்லாரும் தப்பா செஞ்சிருக்கீங்க. டம்ளரைக் கழுவிட்டு மறுபடி செய்ங்க."

கழுவினோம். அதே குழாயில்தான் கழுவினோம். மறுபடி சிவந்தது.

"மஞ்சள் சரியில்ல."

"சார், ஈரோட்டு மஞ்சள் சார்," என்றேன். "எலுமிச்சையில சரியாத்தானே இருக்கு? தண்ணிதான் சரியில்ல. இதைத்தான் இந்தப் புள்ளைங்க ரெண்டு மாசமா குடிச்சிகினு இருக்காங்க. நீங்க பாத்ததை இதுல எழுதி ஒரு கையெழுத்து..."

உண்ணாமலை கதவருகே வந்து நின்றாள். "நான்தான் சொன்னேனே சார், சாம்பாரே செவக்குதுன்னு. வேணும்னா ஒரு கரண்டி ஊத்தறேன், பாருங்க."

பன்னீர்செல்வம் ஐயா வெல்வெட் நாற்காலியிலிருந்து எழுந்தார். பயிற்சி தொடங்கியதிலிருந்து அவர் எழுந்தது அதுவே முதல் தடவை.

"அம்மா, ஒரு விஷயத்தைத் தெளிவா புரிஞ்சுக்கணும். நாம இங்க தண்ணியைச் சோதிக்க வரல. சோதிக்கிறது எப்படின்னு கத்துக்க வந்திருக்கோம். பயிற்சி வேற, பள்ளி வேற. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. போட்டோ எடுக்கணும், ஜல்தியா கேன் தண்ணியை ஊத்துங்க."

ஆறு டம்ளரிலும் கேன் தண்ணீர் ஊற்றப்பட்டது. புதுத்தாள் முக்கப்பட்டது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. "பாத்தீங்களா?" என்றார் பிரபாகரன் சார், அவரே கண்டுபிடித்த மாதிரி. "முயற்சி பண்ணா வரும்." போட்டோ எடுத்தார்கள். நான் போட்டோவில் இல்லை. வெளியே போய்க் குழாயின் வாயில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டினேன். பிள்ளைகளிடம், நாளையிலிருந்து வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

நான்காம் நாள் செயலியில் முடிவுகளைப் பதிவு செய்யும் நாள். பரிசோதனை ஏழு, மாதிரி மூன்று, குடிநீர். தொட்டால் ஒரு பட்டியல் திறக்கிறது. பட்டியலில் ஒரே ஒரு வரிதான்: 'நிறமாற்றம் இல்லை.' என் மேசையின் பதிவாளர் நான். நான் தொடவில்லை. முப்பத்தாறு பேருக்கும் ஒரே தொகுதி. ஒருவர் முடிக்காவிட்டால் யாருக்கும் சான்றிதழ் இறங்காது என்று பிறகுதான் தெரிந்தது.

நாலு மணிக்குச் சூர்யகலா டீச்சர் என்னிடம் வந்தார். கைப்பை தோளில் ஏறிவிட்டிருந்தது. "அழுத்துங்களேன் டீச்சர். நாலு இருபது பஸ்ஸை விட்டா அப்பறம் ஆறு மணிக்குத்தான். ஒரு பேஜார் புடிச்ச பட்டன், அதுல என்னா இருக்குது?"

"அதுல இந்தத் தண்ணி நல்லாயிருக்குன்னு இருக்குது டீச்சர். என் பேர்ல."

"யாரு பாக்கப் போறாங்க?"

"அதேதான் நானும் ரெண்டு மாசமா கேக்கறேன்."

அவர் பஸ்ஸுக்குப் போனார். கிருபாகரன் சார் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மீந்த மஞ்சள் தாளில் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் என் பெஞ்சில் ஒரு குறிப்பாணை இருந்தது. ந.க. எண் போட்டு, முத்திரை குத்தி. இரண்டு குற்றங்கள். ஒன்று, பரிசோதனை எண் ஏழின் முடிவு கையேட்டுக்கு மாறாக வரும்படி நடந்துகொண்டது. இரண்டு, உரிய அனுமதியின்றிக் குழாயைச் சாக்கால் கட்டி, மாணவர்களுக்குக் குடிநீர் கிடைக்காமல் செய்தது. இன்று மாலைக்குள் விளக்கக் கடிதம், மாவட்ட அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். குண்டூசி குத்தக்கூடாது, உறை பசையால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

பன்னீர்செல்வம் ஐயா அன்று என்னிடம் அன்பாகவே பேசினார். "பயப்படாதீங்கம்மா. ரெண்டே வரி. 'எனது கவனக்குறைவால் தண்ணீர் சிவந்தது. இனி சிவக்காது என உறுதியளிக்கிறேன்.' எழுதிட்டு பட்டனை அழுத்திடுங்க. நான் பாத்துக்கறேன். இல்லைன்னா உங்களுக்குக் கற்றல் இடைவெளின்னு பதிவாகும். அடுத்த வாரம் இன்னொரு அஞ்சு நாள் பயிற்சி, இதே மையத்துல."

"அடுத்த வாரமும் புள்ளைங்க மரத்தடியிலயா ஐயா?"

"இயற்கையோட படிக்கிறதுதாம்மா இப்போ கொள்கை."

"ஐயா, ஒரு சந்தேகம். இந்த விளக்கத்தை வேணாம்னு யாராவது தூக்கிப் போட்டுட்டா?"

அவர் கொஞ்சம் புண்பட்டார். "அதெப்படி? ந.க. எண் விழுந்திடுச்சி. நம்ம கேட்டு வர்ற விளக்கம். ஒவ்வொரு இணைப்பையும் பதிவு பண்ணி, மூணு பேர் படிச்சிக் கையெழுத்துப் போட்டு, கோப்புல சேத்தே ஆகணும். தண்ணிக் குழாய் புகார் மாதிரியா இது?"

அந்த ஐந்து நாளில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் முன்தேர்விலேயே தெரிந்திருந்தது.

நிறைவு விழாவில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். பயிற்சி எப்படி இருந்தது? 'நன்று', 'மிக நன்று', 'மிக மிக நன்று'. ஏதாவது ஒன்றைத் தொட்டால் நன்றி சொல்லி ஒரு பூ மலர்ந்தது. மைக்கில் பிரபாகரன் சார், எங்கள் தொகுதியின் அறிவு ஏழிலிருந்து பத்தொன்பதுக்கு உயர்ந்திருப்பதாக அறிவித்தார். எல்லாரும் ரயில் கைதட்டல் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். போகிற வழியில் சிலர் என்னைப் பார்த்த பார்வையில் சான்றிதழ் இறங்காத கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்தான். களம்பூரிலும் வந்தவாசியிலும் அவர்களுடைய பிள்ளைகளும் ஐந்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மூன்றாம் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினேன். உண்ணாமலை பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் திரும்ப வந்து, திங்கட்கிழமை பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுவதற்காக மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். எழுதுவதற்கு நடுவில் தாளில் பூசிக் காயவைத்தேன்.

'பொருள்: பரிசோதனை எண் ஏழின் முடிவு கையேட்டுக்கு மாறாக வந்தமை, விளக்கம் அளித்தல், தொடர்பாக. பார்வை: தங்கள் குறிப்பாணை. ஐயா, மேற்படி சோதனை, அங்கீகரிக்கப்பட்ட கருத்தாளர் முன்னிலையில், ஆறு மேசைகளில், இரண்டு முறை நடத்தப்பட்டது. பன்னிரண்டு தாள்களும் சிவந்தன. கேன் தண்ணீரில் மட்டும் சிவக்கவில்லை. அந்தக் கேன் பிள்ளைகளுக்கு உரியதல்ல. கொட்டகையை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் அந்தப் பட்டில்தான் தறி ஓடுகிறது. உடைந்த வாய்க்காலுக்குப் பதில் இருபதடிக் குழாய் போட்டு, தொட்டியைக் கழுவிக் கொடுத்தால் போதும். அதுவரை சாக்கை அவிழ்க்க இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், கிருபாகரன் சார் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க போகலயா சார்?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சளாகவே இருந்தது, ஓரம் மட்டும் காய்ந்து சுருங்கி. "நேத்து எங்க ஸ்கூல் தண்ணில முக்கிப் பாத்தேன், சிஸ்டர். பதினாலு பயிற்சி போயிருக்கேன். ஒரு சோதனைகூட நானா செஞ்சது கிடையாது. நிறம் மாறல. அப்பாடான்னு இருந்துச்சு. உடனே இந்தப் புள்ளைங்க ஞாபகம் வந்துடுச்சு." என் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். "பிரபாகரன் கையெழுத்துப் போட மாட்டார். நேர்ல பாத்தவன்னு நான் போடலாமா?"

"சான்றிதழ் வராது சார். அடுத்த வாரம் உங்களையும் கூப்பிடுவாங்க."

"பதினஞ்சாவதா இருந்துட்டுப் போவுது. குடுங்க பேனாவ."

போட்டார். பெயர், பள்ளி, பணியில் சேர்ந்த நாள், எல்லாம் அழகான கையெழுத்தில்.

இணைப்பு எண் ஒன்று என்று எழுதி, அவர்களே வந்து முக்கிப் பார்க்கட்டும் என்று, முக்காத மஞ்சள் தாள் ஒன்றைக் கடிதத்தோடு மடித்து உறைக்குள் வைத்தேன். உறை ஒன்றுதான் இருந்தது. அதன் வாயில் தடவியிருந்த பசை காய்ந்து போயிருந்தது. எச்சில் தொட்டு ஒட்டுவது என் அப்பாவுக்குப் பிடிக்காது, எனக்கும் வராது. மேசைமேல் ஒரு டம்ளரில், கேன் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் நான் தனியே எடுத்து வைத்த மூன்றாம் நாளின் குழாய்த் தண்ணீர் அப்படியே இருந்தது. விரலை அதில் தொட்டு, பசை மேல் இழுத்து, மடித்து அழுத்தினேன்.

கையை எடுத்தபோது, உறையின் வாய் நெடுக என் விரல் போன தடம் செங்கல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. மஞ்சள் பூசிய கை.

கிருபாகரன் சார் பார்த்தார். நான் பார்த்தேன். துடைக்கவில்லை.

தபால் ஆபீசில் கவுண்ட்டரை மூடப் போகிற நேரம். உள்ளே இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, பின்னாடி கறையா இருக்குது? ஆபீஸ் தபால் போல இருக்கே, வேற கவர் போட்டுக்கறீங்களா?"

"கறை இல்லீங்க," என்றேன். "அது இணைப்பு எண் ரெண்டு."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு எடை போட்டு, ரசீது கிழித்துக் கொடுத்து, முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்தி, உறையைப் பைக்குள் எறிந்தார்.